ஓனர் மாறினா வீட்டைக் காலி பண்ணணுமா?



இந்த வாரம் கோட்டுச்சேரியில இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருக்கார். மூணாவது வருஷம் படிக்கிறார். காலேஜ் பேரு வேண்டாம், மேட்டர்தான் முக்கியம். அவர் எழுதினது இதுதான்:

"அண்ணே, எங்க டிபார்ட்மென்ட் லேப்ல ஒரே ஒரு சர்வர். அதுல விஎம்வேர் போட்டு, உள்ளே ஆறு சர்வர் ஓடுது. அட்டென்டன்ஸ், இன்டர்னல் மார்க், ப்ராஜெக்ட் சப்மிஷன் எல்லாமே அதுக்குள்ளதான். செட் பண்ணின சீனியர் அண்ணன் பாஸ் அவுட் ஆகி சென்னைக்குப் போயிட்டார். சாஃப்ட்வேர் பழசு, இனிமே அப்டேட் வராதாம். புதுசு வேணும்னா வருஷா வருஷம் பணம் கட்டணுமாம். சார்கிட்ட கேட்டா, 'ஃபண்டு இல்லப்பா, நீங்களே ஒரு ப்ளான் எழுதிக் கொடுங்க, பிரின்ஸிபால்கிட்ட பேசுறேன்'னுட்டார். அதுல என்னண்ணே எழுதறது?"

தம்பி, இது உங்க ஒரு லேப் பிரச்னை இல்லை. ஊர் உலகத்துல பாதி சர்வர் ரூமில் இதே புலம்பல்தான். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

ஒண்டுக் குடித்தனம்

வர்ச்சுவலைசேஷன்னா ஏதோ பெரிய ராக்கெட் சயின்ஸ்னு பயப்படுறவங்களுக்காக ஒரு வரி. அது நம்ம ஊர் ஒண்டுக் குடித்தனம்தான் பாஸ்! ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே கரன்ட் மீட்டர். ஆனா உள்ளே ஆறு குடும்பம், ஆறு கதவு, ஆறு பூட்டு. ஒரு வீட்டில் சண்டை வந்தால் அடுத்த வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். யாருக்கு எவ்வளவு தண்ணி, எத்தனை ரூம் என்று பிரித்துக் கொடுக்கிற வீட்டு ஓனர்தான் ஹைப்பர்வைசர் என்கிற சாஃப்ட்வேர். குடித்தனக்காரர்கள்தான் வி.எம். என்கிற மெய்நிகர் கணினிகள்.

ஐடியா புதுசும் இல்லை. ஐ.பி.எம். 1972-லேயே தன் பெரிய மெஷின்களுக்கு வி.எம். 370 என்று இதை விற்றது. சாதாரண பி.சி. சிப்புக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது 1998-ல் ஆரம்பித்த விஎம்வேர். அப்புறம் ஊரெல்லாம் சர்வர் ரூம்களில் பத்துப் பெட்டி இருந்த இடத்தில் ரெண்டு பெட்டி போதும் என்றானது. ஏ.சி. பில் குறைந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்... ஓனர் மாறும் வரை!

வீட்டை வாங்கியவர் வாடகை கேட்கிறார்

2022 மே மாதம் பிராட்காம் என்கிற சிப் கம்பெனி, விஎம்வேரை 6,100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. 2023 நவம்பர் 22-ல் வாங்கி முடித்தது. மூணு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பரில், ஒரு தடவை காசு கொடுத்தால் காலத்துக்கும் உங்களுடையது என்றிருந்த லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. இனி சந்தா மட்டும்தான். அதாவது கிரயம் பண்ணி வாங்குகிற கதை முடிந்தது, இனி வாடகை!

பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதையே ஓட்டலாம், யாரும் பிடுங்க மாட்டார்கள். ஆனால் சப்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாது. 2024 பிப்ரவரியில் சின்ன லேப்களின் செல்லப் பிள்ளையான இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யையும் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனா யோசிங்க, ஒரு நாள் இல்லைன்னு சொல்லி, இன்னொரு நாள் இருக்குன்னு சொல்ற இலவசத்தை நம்பி நம்ம இன்டர்னல் மார்க்கை வைக்கலாமா? அதோட, அந்த இலவசப் பதிப்பில் பேக்கப் சாஃப்ட்வேர்கள் வந்து வேலை செய்யும் கதவே மூடியிருக்கும்.

சின்ன ஆளுக்குத்தான் இந்த அவஸ்தைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனி சுமார் 8,600 சர்வர்களில் 75,000 வி.எம். ஓட்டுவதாகச் சொல்லி, சப்போர்ட் விஷயத்தில் 2024-ல் பிராட்காம் மீது வழக்குப் போட்டது. விலையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிக் கேட்டார்கள் என்பது அவர்கள் புகார். பிராட்காம் அதை மறுத்தது. அந்த வருஷ நவம்பரில் சமரசமாகப் போய்விட்டார்கள். அவங்ககிட்ட வக்கீல் படையே இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஹெச்.ஓ.டி.யும் ஒரு குயர் நோட்டும்தான்!

நாலு வழி

வழி ஒண்ணு: சும்மா இருப்பது. பைசா செலவில்லை, ஆனா டேஞ்சர். விஸ்பியர் 7-க்குப் பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது. 8-க்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது. பேட்ச் போடாத ஈஎஸ்எக்ஸ்ஐ என்ன ஆகும் என்பதற்கு 2023 பிப்ரவரியே சாட்சி. ஒரு ரான்சம்வேர் கும்பல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சர்வர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நம்ம காரைக்கால்காரங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிற பிரான்ஸ்தான் அதிகம் அடிபட்ட நாடுகளில் ஒண்ணு. கொடுமை என்னன்னா, அவன் நுழைந்த ஓட்டைக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2021-லேயே பேட்ச் வந்துவிட்டது. யாரும் போடவில்லை. அவ்வளவுதான் கதை.

கொஞ்ச நாள் இப்படித்தான் ஓட்டியாகணும்னா, அந்த சர்வரின் நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டில் இருந்து தெரியவே கூடாது. லேப் நெட்வொர்க்கில்கூட எல்லாருக்கும் திறந்திருக்கக் கூடாது. இதுக்குப் பணம் வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும்.

வழி ரெண்டு: சந்தா கட்டுவது. பணம் இருந்தால் தப்பே இல்லை. தெரிந்த சாஃப்ட்வேர், தலைவலி இல்லை. ஆனா ஒவ்வொரு சிபியுவுக்கும் குறைந்தது 16 கோர் என்று கணக்குப் போடுவார்கள். உங்க சிப்பில் எட்டு கோர்தான் இருந்தாலும் பதினாறுக்குக் கட்டணும். ஆறு குடித்தனத்துக்கு அது ஓவர்!

வழி மூணு: எல்லாத்தையும் க்ளவுடுக்கு அனுப்புவது. காலேஜ் வெப்சைட்டுக்கு சூப்பர். ஆனா வருஷம் முழுக்க 24 மணி நேரமும் ஓடுற வி.எம்.முக்கு மாசா மாசம் பில் வரும். ஒரு தடவை கிடைக்கிற கிராண்ட்டை வைத்து மாசத் தவணை கட்டுவது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் போய்விட்டால் லேப் எக்ஸாமே நின்னுபோகும். க்ளவுடை வேறொரு வேலைக்கு வைத்துக்கொள்வோம், கீழே சொல்றேன்.

வழி நாலு: வேறு ஹைப்பர்வைசர். லினக்ஸுக்குள்ளேயே கேவிஎம் என்று ஒரு ஹைப்பர்வைசர் 2007-ல் இருந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அழகாகச் சட்டை போட்டு, ப்ரௌசரிலேயே எல்லாம் செய்யும்படி கொடுப்பது ப்ராக்ஸ்மாக்ஸ். வியன்னா நகரத்துக் கம்பெனி, 2008-ல் வெளிவந்தது. சாஃப்ட்வேர் முழுசும் ஓப்பன் சோர்ஸ். நன்கு சோதித்த அப்டேட்டும் சப்போர்ட்டும் வேண்டும் என்றால் மட்டும் சந்தா. அதன் அடிப்படைத் திட்டம் ஒரு சிபியுவுக்கு வருஷம் நூறு யூரோவுக்குச் சற்று மேலே. ஸென் வழியில் வந்த எக்ஸ்சிபி-என்ஜி இன்னொண்ணு.

ஏற்கெனவே காலேஜில் விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் முறையாக இருக்கா? அப்போ ஹைப்பர்-வி அதுக்குள்ளேயே இருக்கு. முதல்ல ஆபீஸில் போய் அந்த ஃபைலைத் தேடுங்க. பணம் கட்டின பொருளையே மறந்துபோன காலேஜ்கள் உண்டு!

உங்க கேஸுக்கு என் ஓட்டு நாலாவது வழிக்கு. ஆனா அதை வைத்து ப்ளானை ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிக்க வேண்டிய இடம் வேற.

முதல்ல தலை எண்ணுங்க

ஒரு நோட்டு எடுத்து ஆறு வி.எம்.மையும் வரிசையாக எழுதுங்க. பேரு என்ன, எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க், யார் உபயோகிக்கிறாங்க, அது ஒரு நாள் நின்னா யார் அழுவாங்க? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நிச்சயம் ஒரு வி.எம். 'டெஸ்ட் 2' என்ற பேரில் இருக்கும். யாருக்கும் அது எதுக்குன்னு தெரியாது. அதை அழிக்காதீங்க, ஆஃப் மட்டும் பண்ணுங்க. ஒரு மாசம் யாரும் கத்தலைன்னா, பேக்கப் எடுத்து வெச்சிட்டு வழியனுப்பலாம். ஆறு நாலாகும். ரேம் தேவை குறையும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறின எகிறலைப் பார்த்தவங்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொரு காலம் சேர்த்துக்குங்க: லைசென்ஸ். லேப் சாஃப்ட்வேர்கள் பலதும் அந்த மெஷினின் நெட்வொர்க் கார்டு நம்பரோடு லைசென்ஸைக் கட்டி வைத்திருக்கும். வி.எம்.மை இடம் மாற்றும்போது அந்த நம்பர் மாறினால், மறுநாள் காலையில் லேப்ல ஒரு சாஃப்ட்வேரும் திறக்காது. பழைய நம்பரையே புது வி.எம்.முக்குக் கொடுத்தால் தப்பிச்சீங்க.

காசை எதுல போடறது?

கொஞ்சமாத்தான் கிடைக்கும்னா, செலவு வரிசை இப்படி எழுதுங்க: முதல்ல பேக்கப், ரெண்டாவது யு.பி.எஸ்., மூணாவது ரேமும் எஸ்.எஸ்.டி.யும், புது மெஷின் கடைசி.

ஏன் பேக்கப் முதல்ல? நீங்க இருக்கிறது கடலோரம் பாஸ். 2004 டிசம்பர் 26 சுனாமியை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். உப்புக் காத்து மதர்போர்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். அதனால் மூணு-ரெண்டு-ஒண்ணு: டேட்டா மூணு பிரதி, ரெண்டு விதமான மீடியாவில், ஒண்ணாவது வேற இடத்தில். கிரவுண்ட் ஃப்ளோர் சர்வர் ரூமில் ஒரு பிரதி, மாடி லைப்ரரியில் ஒரு பிரதி, மூணாவது ஊருக்கு வெளியே. க்ளவுடு உதவுறது இங்கேதான். முழு வி.எம்.மையும் அனுப்ப வேண்டாம். மார்க், அட்டென்டன்ஸ் டேட்டாபேஸை மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்பினால் செலவு சொற்பம்.

ரெண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டா எழுதுற ரெய்டு, பேக்கப் இல்லை. நீங்க தப்பா அழிச்சா, ரெண்டு டிஸ்க்கிலும் சின்ஸியரா அழிச்சுடும்! அதே மாதிரி, திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பும் பேக்கப் இல்லை. மாசம் ஒரு தடவை ஒரு வி.எம்.மை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் பண்ணி, பூட் ஆகுதான்னு பாருங்க.

அப்புறம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் சர்வர் சல்லிசாகக் கிடைக்குதேன்னு பாயாதீங்க. கணக்குப் போடுங்க. பழைய ரெட்டைச் சிபியு சர்வர் 300 வாட்ஸ் இழுக்குதுன்னு வைங்க. வருஷத்துக்கு 2,628 யூனிட். புது டெஸ்க்டாப் ரக மெஷின் 80 வாட்ஸ்னா 701 யூனிட். யூனிட் ஆறு ரூபாய்னு வெச்சா, வித்தியாசம் வருஷம் 11,500 ரூபாய்க்கு மேல. நாலு வருஷத்தில் 46,000! ஏ.சி. கணக்கு தனி. நாலஞ்சு சின்ன வி.எம்.முக்கு நல்ல டெஸ்க்டாப் ரக மெஷினே தாங்கும். சர்வரில் இருக்கிற ரெட்டை பவர் சப்ளை, பிழை திருத்தும் ரேம் இதெல்லாம் இருக்காதுன்னு மட்டும் ப்ளானில் நேர்மையா எழுதிடுங்க. சாருக்குப் பின்னாடி ஆச்சரியம் வரக் கூடாது.

ரெண்டு மெஷின் கிடைச்சா உடனே க்ளஸ்டர்னு ஆசைப்படாதீங்க. ரெண்டு பேர் மட்டும் ஓட்டுப் போட்டா மெஜாரிட்டி வராது. ஒண்ணு படுத்தால் மத்ததும் முடிவெடுக்க முடியாமல் முழிக்கும். மூணாவதா ஒரு ஓட்டு வேணும், அதுக்கு ஒரு குட்டி மெஷின்கூடப் போதும். அதுவரை ஒரு மெஷினில் ஓட்டி, இன்னொண்ணை பேக்கப்புக்கு வைங்க. சிம்பிள்!

குடிமாறும் நாள்

செமஸ்டர் லீவில் செய்யுங்க, எக்ஸாம் வாரத்தில் தொடாதீங்க. பழைய சர்வரை அழிச்சு அதிலேயே புதுசு போடலாம்னு தோணும். கூடாது! வேறொரு மெஷினைக் கடனாவது வாங்கி அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்க. 2024-ல் இருந்து அதிலேயே ஈஎஸ்எக்ஸ்ஐ வி.எம்.களை நேராக இழுக்கிற வசதி இருக்கிறது. யாரும் அழாத வி.எம்.மை முதலில் மாற்றிப் பாருங்க. விண்டோஸ் வி.எம். என்றால், கிளம்பும் முன்னாடியே புது வீட்டுக்கான விர்ட்ஐஓ டிரைவரைப் போட்டுடுங்க. இல்லைன்னா நீலத் திரைதான் வரவேற்கும். எல்லாம் மாறி ஓடின பிறகும் பழைய சர்வரை ஒரு மாசம் அப்படியே வைங்க, கரன்ட்டை மட்டும் பிடுங்கிட்டு.

லைசென்ஸ் இலவசம், ஆள்?

இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

2006-07 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, விண்டோஸை விட்டு சூசே லினக்ஸுக்கு மாறியது. ஊருக்கு உபதேசம் செய்யும் முன்னால் தன் ஆபீஸ் மேஜையிலேயே மாற்றிப் பார்த்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அதனால் அங்கே வண்டி ஓடியது.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அதில் விண்டோஸோடு, நம்ம சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. கோட்டுச்சேரி புதுச்சேரி அரசின் கீழே வருவதால் உங்களுக்கு அது கிடைத்திருக்காது. ஆனா எல்லை தாண்டி இருக்கிற பொறையாறு, தரங்கம்பாடி அக்கா, அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க. பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவங்க எத்தனை பேர், "இடத்தை அடைக்குது"ன்னு அழிச்சவங்க எத்தனை பேர்னு. சாஃப்ட்வேரில் குறை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

தம்பி, உங்க லேப்பிலும் அதேதான். உங்க மெயிலைத் திரும்பப் படிங்க. "செட் பண்ணின சீனியர் அண்ணன் சென்னைக்குப் போயிட்டார்"னு ஒரு வரி இருக்கு. உங்க உண்மையான பிரச்னை பிராட்காம் இல்லை, அந்த வரிதான்! நாளைக்கு நீங்க ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, அடுத்த வருஷம் ப்ளேஸ்மென்ட் வாங்கிக் கிளம்பிட்டா, உங்க ஜூனியர் எனக்கு இதே மெயில் போடுவார். அப்போ "செட் பண்ணின சீனியர்" நீங்க.

அதனால் ப்ளானில் கடைசி வரியா இல்லாமல் முதல் வரியா இதை எழுதுங்க: இந்த சர்வரை எப்போதும் மூணு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டாஃப், ஒரு மூணாம் வருஷம், ஒரு ரெண்டாம் வருஷம். பாஸ்வேர்டு ஒரு கவரில் சீல் வைத்து ஹெச்.ஓ.டி. பீரோவில். எப்படி ஸ்டார்ட் பண்றது, எப்படி ரீஸ்டோர் பண்றது, தமிழ்லயோ தங்கிலீஷ்லயோ ஒரு நோட்டில். ஒவ்வொரு மே மாசமும் சீனியர் கிளம்பும் முன்னால், ஜூனியர் அந்த நோட்டை மட்டும் வைத்து ஒரு வி.எம்.மைத் தானே ரீஸ்டோர் பண்ணிக் காட்டணும். அவர் முழிச்சா நோட்டில் தப்பு, ஜூனியர் மேல தப்பில்லை. திருத்துங்க.

ஹைப்பர்வைசர் மாறிக்கிட்டேதான் இருக்கும். இன்னிக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கிற நிலையில் பத்து வருஷம் கழித்து அதுவும் இருக்குமா, யார் கண்டா? எந்த வீட்டில் இருந்தும் சாமான்களோடு பத்திரமாக வெளியே வரத் தெரிஞ்சிருந்தால், எந்த ஓனர் வந்தாலும் பயம் இல்லை. பேக்கப்பும் அந்த நோட்டும் இருந்தாப் போதும், நீங்க எப்ப வேணும்னாலும் குடிமாறலாம்.

மத்த ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு ஹோம்வொர்க். வீட்டில் தூசு படிஞ்ச பழைய பி.சி. இருந்தால், அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ரெண்டு வி.எம். ஓட்டிப் பாருங்க. பி.சி. இல்லையா? 2024 நவம்பரில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவை எல்லாருக்கும் இலவசமாக்கினாங்க, லேப்டாப்பில் பழக அது போதும். ஒண்ணை வேணும்னே உடைச்சு, பேக்கப்பில் இருந்து எழுப்புங்க. இன்டர்வியூவில் "என்ன ப்ராஜெக்ட் பண்ணினே?"ன்னு கேட்டால் சொல்ல ஒரு நிஜக் கதை கிடைச்சாச்சு!

தம்பி, சார்கிட்ட ப்ளானைக் கொடுத்துட்டு என்ன சொன்னார்னு எழுதுங்க. ரெண்டாம் வருஷத்தில் இருந்து ஒரு ஆளைப் பிடிச்சாச்சான்னும் எழுதுங்க. அதுதான் எனக்கு முக்கியம்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!